ஓஸ்வால்ட் வீட்டில் எலி கிடையாது

பெங்களூர் அடுகோடியில் எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது அரிசிப் பையின் மூலையில் ஓட்டை தெரிந்தால், அவர்கள் முதலில் எலியை நினைத்துக் கவலைப்படுவதில்லை. ஓஸ்வால்டைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்றுதான் கவலைப்படுவார்கள். எலி வந்தால் அரிசியோடு போய்விடும். ஓஸ்வால்ட் வந்தால் வீட்டுக்காரியின் மானமும் சேர்ந்து போகும்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அங்கே அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர். அவரை எதிர்த்து வேலை பார்த்தவை முந்நூறு எலிகள். ரப்பர் பெல்ட், அட்டைப்பெட்டி, ஒரு தடவை ஆடிட்டரின் மதியச் சப்பாத்தி என்று அவை எதையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் போரில் கற்றதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஓய்வுபெற்று வந்தார். மூட்டையைப் பிரிக்க இடமில்லாமல் ஒரு வருஷம் தவித்தார். பிறகு தெருமுனை மழைநீர்க் கால்வாயைத் தோண்டினார்கள். அதில் குடியிருந்த பெருச்சாளிகளும் சுண்டெலிகளும் அவரவர் உடம்புக்கு ஏற்ற ஓட்டையாகப் பார்த்து வீடுகளுக்குள் வந்தன. ஓஸ்வால்டின் முகத்தில் அன்றைக்கு வந்த களை, பென்ஷன் உத்தரவு வந்த நாளில்கூட இருந்ததில்லை என்று அவர் மனைவி பவுலின் சொல்கிறார்.

துணிப்பை ஒன்றில் சாமான்கள் எப்போதும் தயாராக இருக்கும். டார்ச், பென்சில், பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார், பால்பவுடர் டப்பாவில் கொஞ்சம் சிமெண்ட், அதைக் குழைக்க ஒரு டீஸ்பூன். அந்த டீஸ்பூனைப் பவுலின் எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருவில் ஒரு மாடியில் குடியிருக்கும் ராதாவின் வீட்டுக்கு அவர் போன கதையைச் சொன்னால் ஆளைப் புரிந்துகொள்ளலாம். ராதாவும் அவள் கணவரும் திருப்பத்தூரிலிருந்து வந்தவர்கள். அவள் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறாள். வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஓஸ்வால்ட் உள்ளே போகவில்லை. நின்ற இடத்திலேயே மூக்கை உயர்த்தி இரண்டு தரம் மோந்தார். கார வாடை, கொஞ்சம் மூத்திர நெடி, இருக்கிறது என்றார். ராதா அப்போதே பாதி செத்துப்போனாள்.

பிறகு சமையலறையில் மண்டியிட்டார். சிங்க்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் பென்சிலை விட்டுப் பார்த்தார். பென்சில் போனது. பென்சில் போகிற ஓட்டையில் சுண்டெலி போகும், கட்டைவிரல் போனால் அதன் பெரியப்பாவே போகும் என்று தீர்ப்பு சொன்னார். அலமாரிக்குப் பின்னாலிருந்து நாலு புழுக்கையைக் காகிதத்தில் எடுத்துவந்து ராதாவுக்குக் காட்டினார். அரிசி அளவில், இரண்டு முனையும் கூராக இருந்தால் சுண்டெலி. பேரீச்சங்கொட்டையில் பாதி அளவுக்குத் தடித்திருந்தால் பெரிய ஜாதி. பளபளவென்று மெத்தென்றிருந்தால் இன்றைய சரக்கு, சாம்பல் பூத்து உதிர்ந்தால் பழையது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓடிய மங்கலான எண்ணெய்க்கறையை டார்ச்சால் காட்டி, எலி ஒருநாளும் நட்டநடுவில் நடக்காது, சுவரை உரசிக்கொண்டுதான் போகும், இது அது போய் வரும் ரோடு என்றார்.

இதுவரை நல்லதுதான். இதற்குப் பிறகுதான் திட்டு. ஆன்லைனில் வாங்கியவற்றின் அட்டைப்பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்தாள் ராதா. ஒவ்வொரு பெட்டியும் எலிக்கு ஒரு ஒன் பிஎச்கே என்றார். கடலைமாவை ரப்பர்பேண்ட் போட்டு வைத்திருந்தாள். ரப்பர்பேண்டை அது கழற்றி வைத்துவிட்டுத்தான் சாப்பிடும் என்று நினைத்தாயா என்றார். சாக்கோ பெட்டியோ, வெளியிலிருந்து வரும் எதையும் வாசலுக்கு வெளியிலேயே உதறாமல் உள்ளே கொண்டுவரலாமா என்றார். பிறகு இரும்பு நாரை ஓட்டையில் திணித்து, மேலே சிமெண்ட் பூசி, கையைக் கழுவிக்கொண்டு, ஜெபம் முடிந்து ஆமென் சொல்வதுபோல, எல்லா வீட்டிலும் சொல்வதையே அங்கேயும் சொன்னார்.

"எங்க வீட்ல பதினோரு வருஷமா எலி கிடையாதும்மா."

அவர் மேல் கோபப்படவும் வழியில்லை. சொன்னபடி செய்த வீடுகளில் எலி போய்விட்டது.

போன டிசம்பரில் அன்பிய ஜெபம் ஓஸ்வால்ட் வீட்டு முறையாக வந்தது. மாதா கோயில் பங்கில் இருபது வீடு சேர்ந்தால் ஒரு அன்பியம். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லி, கடைசியில் சுண்டலோ கேக்கோ சாப்பிட்டுப் பிரிவார்கள். கிறிஸ்மஸ் மாதம் என்பதால் இந்த முறை பங்குக் குருவான சாமியாரும் வருவதாக இருந்தது. அன்பியத் தலைவி எதிர்வீட்டு பிரிஜெட். எதையும் ஒழுங்காக நடத்துவார், நடத்துவதை வாட்ஸ்அப் குழுவில் போட்டோவோடு அறிவிப்பார். ஜெபம் முடிந்ததும் ஓஸ்வால்ட் அண்ணன் எலித் தொல்லை பற்றிப் பத்து நிமிஷம் பேசட்டும் என்று அவர்தான் சொன்னார். தெருவே கஷ்டப்படும்போது அது இறைப்பணி மாதிரிதான் என்றும் சொன்னார்.

ஓஸ்வால்டின் வாழ்க்கையில் யாரும் அவரைப் பேசக் கூப்பிட்டதில்லை. வழியனுப்பு விழாவில்கூட மற்றவர்கள்தான் பேசினார்கள். அதிலும் ஒருவர் அவர் பெயரை ஆஸ்வால் என்று சேட்டு மாதிரி சொன்னார். அதனால் நோட்டு வாங்கி எழுதினார். மாலையில் பவுலின் கிறிஸ்மஸ் பலகாரமான கல்கலுக்கு மாவை முள்கரண்டியில் உருட்டிக்கொண்டிருக்கும்போது எதிரில் நின்று பேசிப் பார்த்தார். பவுலின் நர்சரிப் பள்ளி ஆசிரியை. தப்பாக ஒப்பிக்கும் பிள்ளைகளையும் சலிக்காமல் கேட்டுப் பழகியவர். பேச்சின் முதல் வரி, எங்கள் வீட்டில் பதினோரு வருஷமாக எலி கிடையாது என்பது. இரண்டாவது வரியிலிருந்துதான் விஷயம்.

சாமியார் வருவதால் கிறிஸ்மஸ் குடிலும் இந்த முறை அசத்தலாக இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தார். பெங்களூரில் குடில் வைக்கிற வீடுகளில் டிசம்பர் பிறந்ததும் தட்டுகளில் மண் போட்டுக் கேழ்வரகு விதைப்பது வழக்கம். பத்து நாளில் பச்சைப்பட்டு மாதிரி முளைத்து நிற்கும். பெத்லகேமின் புல்வெளி அதுதான். ஓஸ்வால்ட் ஐந்து தட்டு விதைத்தார். குடிசைக்கு வழக்கமாகப் போடும் காகிதத் துணுக்குகள் போதாதென்று, ஈஜிபுரா பக்கம் மாடு வைத்திருக்கும் ஒருவரிடம் போய் அசல் வைக்கோல் ஒரு கட்டு வாங்கி ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. நனையக் கூடாதே என்று கட்டோடு நேராகக் கூடத்துக்குத் தூக்கிவந்தார். அன்றே குடிசை எழும்பியது. மாதா, சூசையப்பர், கழுதை, மாடு, நாலு ஆடு, சுற்றிலும் கேழ்வரகு. பிரிஜெட் வந்து பார்த்துப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார். முப்பத்தாறு பேர் கைகூப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணீர் தெளிக்கப் போனபோது ஒரு தட்டின் மூலை மொட்டையாக இருந்தது.

புறாவாக இருக்கும் என்று சத்தமாகச் சொன்னார் ஓஸ்வால்ட். சமையலறையிலிருந்து பவுலின், ஜன்னலுக்கு நீங்கள்தானே வலை அடித்தீர்கள், அதற்குள் புறா எப்படி வந்தது என்று கேட்டார். அப்படியானால் எறும்பு என்றார் இவர். பவுலின் பள்ளிக்குக் கிளம்பிப் போனதும் குடிலுக்குப் பின்னால் டார்ச் அடித்தார். அரிசி அளவு. இரண்டு முனையும் கூர். பளபளப்பு.

யாரிடமும் காட்டாமல் அதைக் காகிதத்தில் ஒற்றி எடுத்தார். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டினால் தூசியோடு நோயும் பறக்கும், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால்தான் துடைக்க வேண்டும் என்று ஊருக்குச் சொன்னவர், அப்படியே துடைத்தார். மத்தியானம் வந்த பவுலின், கூடத்தில் என்ன நீச்சல்குளம் வாடை என்றார். இப்போதெல்லாம் குழாய்த் தண்ணீரிலேயே குளோரின் ஜாஸ்தி என்றார் ஓஸ்வால்ட். பவுலின் சமையலறைக்குள் போனார். நாற்பது வருஷம் சின்னப் பிள்ளைகளோடு பழகியவருக்கு, எதையோ உடைத்துவிட்டு நிற்கிற முகம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

அன்றும் மறுநாளும் ஓஸ்வால்ட் தன் வீட்டையே சோதனை போட்டார். சிங்க், குளியலறைத் தொட்டி, கேஸ் குழாய், கதவுக்கடியில் ஒட்டிய ரப்பர் பட்டை, எங்கும் பென்சில் போகவில்லை. தன் வேலைப்பாட்டை நினைத்து அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையின் நடுவில்தான் உறைத்தது. உள்ளே வர வழியில்லாத வீட்டில், உள்ளே இருப்பது வெளியே போகவும் வழியில்லை.

புதன் இரவு பவுலினின் முகப்பவுடரை எடுத்துச் சுவரோரமாகத் தூவி வைத்தார். விடிந்ததும் பார்த்தபோது குட்டிக்குட்டிக் காலடிகள், நடுவில் வால் இழுத்த ஒரு கோடு. சமையலறையிலிருந்து வரவில்லை, வாசலிலிருந்தும் வரவில்லை. குடிலின் வைக்கோலிலிருந்து கிளம்பி, கேழ்வரகுத் தட்டைச் சுற்றி, மறுபடி வைக்கோலுக்கே போயிருந்தன. ஓஸ்வால்ட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எல்லாரையும் வாசலில் உதறச் சொன்னவர், உதறாமல் கொண்டுவந்த ஒரே கட்டு அது. வந்த விருந்தாளிக்கு வைக்கோலில் படுக்கை போட்டு, ஐந்து தட்டில் சாப்பாடு வைத்து, தினம் இரண்டு முறை தண்ணீரும் தெளித்து, எந்தத் தொந்தரவும் வராமல் எல்லா வாசலையும் அடைத்துக் கொடுத்திருந்தார்.

வைக்கோலைத் தூக்கி எறிந்திருக்கலாம். ஆனால் குடிலை ஏன் பிரித்தீர்கள் என்று பவுலின் கேட்பார், பிரிஜெட் கேட்பார், கைகூப்பிய முப்பத்தாறு பேரும் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. பொறி வைத்துச் சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று நினைத்தார்.

அடுகோடிக் கடையில் எலிப்பொறி வாங்கினால் அரைமணி நேரத்தில் தெருவுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஈஜிபுராவுக்குப் போய் ஒரு கூண்டுப்பொறி வாங்கினார். கடையை விட்டு இறங்கும்போது எதிரே ராதா. அவளுக்கு அன்று வார விடுமுறை, தையல்கடைக்கு வந்திருந்தாள். யாருக்கு அங்கிள் இது என்று கேட்டாள். ஒரு சிநேகிதருக்கு என்றார். சாயங்காலத்துக்குள், ஓஸ்வால்ட் அங்கிள் நம் தெரு மட்டுமில்லை, ஈஜிபுராவரைக்கும் போய் ஜனங்களுக்கு எலி பிடித்துக் கொடுக்கிறார் என்று செய்தி பரவியது. பிரிஜெட் குழுவில் எழுதினார். மறுபடி கைகூப்பல்கள். தன் வீட்டு எலியால் ஒரு மனிதருக்கு இவ்வளவு நல்ல பெயர் கிடைத்து நான் பார்த்ததில்லை.

பொறியில் கொப்பரைத் துண்டு மாட்டிக் குடிலுக்குப் பின்னால் சுவரை ஒட்டி வைத்தார். எலி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்று வேளையும் முளைகட்டிய கேழ்வரகு கிடைக்கும்போது அதற்குக் கொப்பரை எதற்கு? எங்கள் தெருச் சர்க்கரை நோயாளிகள்கூட அவ்வளவு கட்டுப்பாடாகச் சாப்பிடுவதில்லை.

சனிக்கிழமை மாலை பவுலின் கடைசி ஈடு கல்கலைச் சர்க்கரைப் பாகில் புரட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"கொப்பரைக்குப் பதிலா இதுல ரெண்டு வச்சுப் பாருங்களேன்."

"எதுக்குள்ள வைக்க?"

"உங்க சிநேகிதருக்கு வாங்கின பொறியிலதான்."

ஓஸ்வால்ட் எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமையிலிருந்து என்றார் பவுலின். பவுடர் டப்பா காலியானதையும் அவர் கவனித்திருந்தார். இவர் கோபப்படலாமா, வெட்கப்படலாமா என்று முடிவுசெய்வதற்குள் அவர் இன்னொன்று கேட்டார்.

"நாளைக்கு அந்த முதல் வரியைச் சொல்லப் போறீங்களா?"

பவுலின் இதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் ஓஸ்வால்டுக்குக் கஷ்டமாக இருந்தது. சாமியாரும் இருபது வீட்டு ஜனமும் முன்னால் இருக்க, ஜெபமாலை சொல்லி முடித்த வாயால் பொய் சொல்ல வேண்டும். இல்லையென்றால், இரண்டு வருஷமாக அந்த ஜனத்தின் சமையலறைகளில் மண்டியிட்டுத் திட்டிய திட்டெல்லாம் ஒரே சாயங்காலத்தில் அவர் மேலேயே திரும்பும். அதற்குப் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். துணிப்பை ஆணியிலேயே தொங்கும். இரண்டு கல்கலை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். காலையில் பொறி திறந்தபடியே இருந்தது. கல்கல் மட்டும் இல்லை.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. சாமியாருக்குக் குஷன் நாற்காலி, மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, பிள்ளைகளுக்குப் பாய். பேச்சைக் கேட்கவென்று ராதாவும் வந்து கதவோரம் உட்கார்ந்திருந்தாள். ஜெபமாலை முடிந்தது. ஓஸ்வால்ட் குடிலுக்கு முன்னால், அதற்கு முதுகைக் காட்டி நின்று நோட்டைப் பிரித்தார். பவுலின் அவர் வாயையே பார்த்தார். அவர் இரண்டாவது வரியிலிருந்து ஆரம்பித்தார்.

முதலில் கொஞ்சம் தடுமாறினாலும் போகப்போக நன்றாகவே பேசினார். எலி எந்த நேரத்தில் வளையை விட்டு வெளியே வரும் என்று சொன்னபோது கூட்டம் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. முதலில் மூக்கை மட்டும் நீட்டி மோப்பம் பிடிக்கும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நடுவில் நடக்காது, சுவரை உரசிக்கொண்டு ஓடும், நடுநடுவே நின்று பார்க்கும் என்றார். இருபது ஜோடிக் கண்களும் ஒன்றாக இடமிருந்து வலமாகப் போய், நின்று, மறுபடி போயின. பாயிலிருந்த ஒரு பிள்ளை வாயைத் திறந்தது. அதன் அம்மா கையால் மூடினாள். இத்தனை கவனமாகத் தன்னைக் கேட்கிறார்களே என்று ஓஸ்வால்ட் குரலை ஒரு படி உயர்த்தினார். எலிக்கு உட்கார்ந்து முன்னங்கால்களால் தானியத்தைப் பிடித்துத் தின்னப் பிடிக்கும் என்றபோது, சாமியார் இரண்டு கால்களையும் மெதுவாகத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார்.

பிரிஜெட் முன்வரிசை ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து குடில் தெரியாது. நல்ல எண்ணத்தில்தான் குறுக்கிட்டார்.

"அண்ணா, முக்கியமானதை விட்டுட்டீங்களே. உங்க வீட்ல எத்தனை வருஷமா எலி இல்லைன்னு சொல்லுங்க. மத்தவங்களுக்கும் ஒரு தைரியமா இருக்கும்ல."

ஓஸ்வால்ட் நோட்டைப் பார்த்தார். முதல் வரி அங்கேதான் இருந்தது. நிமிர்ந்து முகங்களைப் பார்த்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாருடைய பார்வையும் அவருடைய இடது முழங்கையைத் தாண்டி எங்கேயோ இருந்தது. நோட்டை மூடினார். திரும்பாமலேயே கேட்டார்.

"பவுலின், இப்ப எங்க இருக்குது?"

"கழுதைக்குப் பக்கத்துல," என்றார் பவுலின். "சாப்பிட்டுக்கினு இருக்குது."

"அஞ்சு நாளா இருக்குது," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார் ஓஸ்வால்ட். "தானா வரல. ஓட்டை வழியாவும் வரல. வைக்கோல்ல வச்சு நான்தான் ஸ்கூட்டர்ல கூட்டிக்கினு வந்தேன். வெளியே ஒரு உதறு உதறியிருந்தா வந்திருக்காது."

முதலில் சிரித்தது சாமியார்தான், கால்களை இறக்காமலே. பிறகு கூடமே சிரித்தது. ஓஸ்வால்ட் காது சிவக்க நின்றாரே தவிர, வேலையை மறக்கவில்லை. யாரும் எழ வேண்டாம், துரத்தினால் சோபாவுக்குள் போய்விடும் என்றார். கைதட்டியதும் எலி வைக்கோலுக்குள் புகுந்தது. பொம்மைகளை எடுத்துவிட்டு, வைக்கோலின் மேல் பெட்ஷீட்டைப் போர்த்தி, ராதா ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகக் குடிலைப் பலகையோடு தூக்கிக்கொண்டு தெருவுக்கு நடந்தார்கள். பின்னால் அன்பியம் முழுவதும் பவனிபோல வந்தது. நடுத்தெருவில் பலகையை வைத்துப் பெட்ஷீட்டை எடுத்ததும் எலி வெளியே குதித்தது, ஒரு கணம் நின்றது, பிறகு பிரிஜெட் வீட்டு கேட்டுக்கடியில் புகுந்து மறைந்தது.

எங்கே போயிற்று என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பிரிஜெட் கேட்டார். யாருக்கும் சொல்ல மனமில்லை.

அன்றைக்குக் கேக் சாப்பிடும்போதுதான் வேடிக்கை. மூன்று பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் பவுலினிடம் வந்து, எங்கள் வீட்டிலும் ஒரு மாதமாக இருக்கிறது ஆன்ட்டி, அங்கிள் திட்டுவாரே என்றுதான் கூப்பிடவில்லை என்று மெல்லிய குரலில் சொன்னார்கள். ஒருத்தி ஓட்டை விழுந்த அரிசி மூட்டையையே பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்திருந்தாளாம். பவுலின் அத்தனையையும் கூட்டம் கலைந்த பிறகு கணவரிடம் சொன்னார். அவர் காலி கேழ்வரகுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் பிரிஜெட் வந்தார். முகம் வெளுத்திருந்தது. உங்கள் எலி எங்கள் வீட்டில் இருக்கிறது அண்ணா என்றார். ஓஸ்வால்ட் பையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று மோந்து பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் மண்டியிட்டார். சிங்க்குக்கடியில் கட்டைவிரல் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் பக்கத்தில் வாய் திறந்த அரிசி மூட்டை. மூட்டை மேல் அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் பழைய செய்தித்தாள்.

ஓஸ்வால்ட் மூட்டையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, இரும்பு நாரைப் பிய்த்து ஓட்டையில் அடைக்க ஆரம்பித்தார்.

பிரிஜெட்டுக்கு அதுதான் தாங்கவில்லை. ஏதாவது சொல்வார் என்று இரண்டு நிமிஷம் காத்திருந்தார். பிறகு தானே போய் மூட்டையைத் தூக்கி டிரம்மில் கொட்டி மூடினார், பெட்டியை வெளியே வைத்தார், கடையிலிருந்து வாசலுக்கு வந்திருந்த சாக்கைத் தெருவில் போட்டு மூன்று தரம் உதறிவிட்டுத்தான் உள்ளே கொண்டுவந்தார்.